பழைய அரசாங்கக் கணினிகளை மாற்றச் சொல்லும்போது நாம் எதைக் கேட்க வேண்டும்?

மேசை அக்கா, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தை ஒட்டி ஓர் உதவி மேசை நடத்துகிறோம். மலேசிய அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை விண்ணப்பம், இபிஎஃப் என்ற சேமநிதிக்கு வாரிசு நியமனம், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் பாரம், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என்று தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்போம். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “அக்கா, நம்ம விவரமெல்லாம் கவர்மெண்ட் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதா?”

இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விண்டோஸ் 7-க்கான, ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் எது ஓடுகிறது என்பது இந்தப் பக்கம் நிற்கிற நமக்குத் தெரியாது. “சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க” என்பது மட்டும் தெரியும். தோட்டத்தில் நாள் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு அந்த ‘நாளைக்கு’ என்பது இன்னொரு நாள் கூலி.

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி சேவை மையத்தில் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். கணினியை மாற்றுங்கள் என்று ஒரு வரி எழுதினால் அது அப்படியே கோப்புக்குள் போய்விடும். துறையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்: பழையதை மாற்றினால் போதுமா? மாற்றும் வேலையில் நம் ஜனங்களின் பதிவு தொலைந்து போகாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

சர்வர் தம்பி, ஈப்போ

அக்கா, நான் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பழசு என்றால் முதலில் எது பழசு என்று பார்க்க வேண்டும். மேசையில் இருக்கும் கணினி பழசு என்றால் அதை மாற்றுவது சுலபம். காசு ஒதுக்கினால் முடிந்தது. அதில் ஓடும் செயலி பழசாகி, விண்டோஸின் ஏதோ ஒரு பழைய பதிப்பில் மட்டும்தான் ஓடும் என்றால் கணினியையும் மாற்ற முடியாது. பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், எழுதிக் கொடுத்த கம்பெனி மூடியிருக்கும், அது எப்படி வேலை செய்கிறது என்ற குறிப்பு எங்கேயும் இருக்காது. அதிலிருந்து வேறு பல இலாகாக்கள் தகவல் எடுத்துக்கொண்டிருக்கும். எதைத் தொட்டால் எது நிற்குமோ என்று பயந்துபோய் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

பெரிய நாடுகளும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2019-இல், அவசரமாக மாற்ற வேண்டிய 10 சிஸ்டங்களைப் பட்டியலிட்டது. அவற்றின் வயது 8 முதல் 51 ஆண்டுகள். அங்கே தகவல் தொழில்நுட்பத்துக்கென்று ஆண்டுக்கு ஒதுக்கும் 90 பில்லியன் டாலருக்கும் அதிகமான தொகையில் ஏறக்குறைய 80 விழுக்காடு, இருப்பதை ஓட்டுவதற்கே போகிறது என்றும் சொன்னது. 2020-இல் கோவிட் நேரத்தில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, தங்கள் பழைய சிஸ்டத்தில் இருக்கும், 1959-இல் உருவான கோபோல் என்ற நிரல் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார்.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். 2015-இல் அமெரிக்க அரசாங்க ஊழியர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 21.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடு போனது தெரிய வந்தது. 5.6 மில்லியன் கைரேகைகளும் அதில் அடக்கம். சில சிஸ்டங்கள் மிகப் பழையவை, அவற்றில் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யவே வழியில்லை என்று அந்த அலுவலகத்தின் தலைவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகை போனால் என்ன செய்வது?

அதே சமயம் 2017 மே மாதம் நடந்த, கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாகிரை தாக்குதலையும் பாருங்கள். இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனைகள் முடங்கின, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சைத் தேதிகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அன்றைக்கு ஆதரவில் இருந்த விண்டோஸ் 7தான். திருத்தத்தைப் போடவில்லை, அவ்வளவுதான். அதனால் மனுவில் புதிய கணினி கேட்கிறபோது, அதை யார் மாதாமாதம் பராமரிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முன்னாள் கிராணி

தம்பி இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். நான் ஏட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் தோட்ட ஆபிசில் செக்ரோல், அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவேடு, எழுதியவன். ஒரே ஆளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாளக் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல், சேமநிதிக் கணக்கில் மூன்றாவது. முனியம்மா, வீராயி, ஆறுமுகம் என்ற பெயர்களை ரோமன் எழுத்தில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சிலருக்கு அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கும், சிலருக்கு இருக்காது. அதற்கு மேல் 1990-க்கு முன்பு இருந்த அடையாளக் கார்டு எண் வேறு, அதற்குப் பிறகு வந்த 12 இலக்க எண் வேறு. அறுபதைத் தாண்டிய தோட்டத்து ஆட்கள் பலருடைய பழைய தாள்களில் பழைய எண்தான் இருக்கிறது.

கவுண்டரில் இருக்கும் அதிகாரி மனிதர். பத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பார், ஆளின் முகத்தைப் பார்ப்பார், “ஒரே ஆள்தான்” என்று முடிவு செய்வார். பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குத் தகவலை மாற்றுகிற நிரல் அப்படிச் செய்யாது. ஓர் எழுத்து ஒத்துப் போகவில்லை என்றால் ஒன்று நிராகரிக்கும், அல்லது இரண்டு ஆளாகப் பதியும். தன் பெயர் விடுபட்டது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. பத்து வருடம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியும். சில வீடுகளில் இறந்த பிறகு, பிள்ளைகள் போய் நிற்கும்போது தெரியும்.

நம்மிடையே பிறப்புப் பத்திரமே தாமதமாக எடுத்தவர்கள் உண்டு. இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கிற கிழவிகள் உண்டு. அவர்கள் இந்த நாட்டில் பிறந்தவர்கள் என்பதற்கு ஏதோ ஒரு பழைய பதிவேட்டில் இருக்கும் ஒரு வரிதான் சாட்சி. அந்த ஏட்டை ஸ்கேன் செய்து முடித்தோம், இனி வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஹேக்கர் வந்து அழித்தாலும், இலாகாவே மாற்றும் வேலையில் தொலைத்தாலும், பாதிக்கப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேசை அக்கா, சுங்கை சிப்புட்

ஐயா சொன்னது அத்தனையும் எங்கள் மேசைக்கு வருகிறது. இன்னொன்றும் சேர்க்கிறேன். பல வருடம் ரப்பர் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை ஏற்றியவர்கள், இவர்களின் பெருவிரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். கருவியில் விரலை வைத்தால் எடுக்காது. துடைத்துவிட்டு வைப்பார்கள், லோஷன் தடவிவிட்டு வைப்பார்கள், அப்போதும் எடுக்காது. கைரேகையை மட்டும் நம்பி ஒரு புதிய சிஸ்டத்தைக் கட்டினால் உழைத்த கைகள்தான் முதலில் வெளியே நிற்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். பெற்றோர்கள் பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்க்க சாப்ஸ் என்ற தளம் இருந்தது நினைவிருக்கும். 2018 ஜூனில் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்து, கல்வி அமைச்சு அதைத் தற்காலிகமாக மூடியது. தேடல் பெட்டியில் பெயரோ எண்ணோ போடுவதற்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையைத் தட்டினால், தளம் அதையும் உண்மையான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் வகை ஓட்டை அது. கணினித் துறையில் வெகு காலமாகத் தெரிந்த ஓட்டை, அடைக்கும் வழியும் தெரிந்ததுதான். பிள்ளைகளின் பெயர், அடையாள எண், பெற்றோர் விவரம் எல்லாம் அங்கே இருந்தன.

அன்றைக்கு ஆரம்பப்பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்றைக்கு வங்கிக் கணக்கு திறக்கும் வயதில் இருக்கிறார்கள். அடையாள எண் அதேதான். அது மாறப் போவதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

செம்பனை மகன், கோலக்கங்சார்

எல்லாரும் மாற்ற வேண்டும் என்று சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மக்களின் விவரங்களை ஒரே இடத்தில் திரட்ட அரசாங்கம் கட்டிய பாடு தளம் 2024 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கப்பட்டது. புத்தம் புதியது. தொடங்கிய சில நாட்களிலேயே, ஒருவரின் அடையாள எண் தெரிந்தால் அவருடைய கடவுச்சொல்லை இன்னொருவர் மாற்றிவிட முடிகிறது என்று முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். சரிசெய்தார்கள், அது உண்மை. ஆனால் புதியது என்பதால் பாதுகாப்பு வந்துவிடவில்லையே.

பக்கத்தில் இந்தோனேசியாவைப் பாருங்கள். இலாகாக்களின் தகவல்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவரத் தேசியத் தரவு மையம் என்று கட்டினார்கள். 2024 ஜூனில் சுராபாயாவில் இருந்த தற்காலிக மையத்தை ஹேக்கர்கள் தாக்கி முடக்கி, 8 மில்லியன் டாலர் கேட்டார்கள். 200-க்கும் மேற்பட்ட அரசாங்க அமைப்புகள் பாதிக்கப்பட்டன, விமான நிலையங்களில் குடிநுழைவுக் கவுண்டர்களில் வரிசை நீண்டது. அந்த மையத்தில் இருந்த தரவில் 98 விழுக்காட்டுக்கு நகல் இல்லை என்று அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பின் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். நகல் எடுப்பது அந்தந்த இலாகாவின் விருப்பமாக இருந்ததாம், செலவைப் பார்த்துப் பலர் எடுக்கவில்லை.

பழைய சிஸ்டம் ஒவ்வொரு ஆபிசிலும் தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றது பிழைக்கும். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் ஒரே நாளில் எல்லாம் போகும். பழையதை இணையத்திலிருந்து துண்டித்து வைத்து, அப்படியே ஓட்டினால் என்ன?

சர்வர் தம்பி, ஈப்போ

அண்ணே, நல்ல கேள்வி. துண்டித்து வைப்பது உண்மையிலேயே ஒரு வழிதான், நாங்களும் செய்கிறோம். மாற்ற முடியாத சிஸ்டத்தைத் தனி வலையில் அடைத்து, அதோடு யார் பேசலாம் என்று கட்டுப்படுத்தி, முன்னால் ஒரு காவல் அடுக்கு வைப்போம். ஆனால் அது தற்காலிகம். சுங்கை சிப்புட்டில் கொடுத்த விண்ணப்பத்தை புத்ராஜெயா தலைமையகத்தில் பார்க்க வேண்டும் என்றால் எங்கேயாவது ஒரு கம்பி போயே ஆக வேண்டும். அப்புறம் செலவு. விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் வாங்கலாம், ஆனால் நிறுவனங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று ஆண்டுதான்.

மாற்றுவதை எப்படி மாற்றுவது என்பதற்கு உங்கள் தொழிலிலேயே முறை இருக்கிறது. செம்பனை ஏறக்குறைய 25 வயதைத் தாண்டியதும் மறுநடவு செய்கிறோம். மொத்தத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் வெட்டிச் சாய்க்கிறார்களா? வயல் வயலாகத்தானே செய்கிறார்கள், மற்ற வயல்களில் குலை வெட்டிக்கொண்டே. சிஸ்டத்தையும் அப்படித்தான் மாற்ற வேண்டும். ஒரு சேவையைப் புதியதில் கட்டி, பழையதும் புதியதும் சில மாதம் சேர்ந்து ஓடி, இரண்டின் பதிலும் ஒத்துப் போகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த சேவை. கிராணி ஐயா சொன்ன பெயர்க் குழப்பம் அந்தச் சில மாதங்களில்தான் வெளியே வரும். ஒரே இரவில் மாற்றினால் அது உள்ளேயே புதைந்துவிடும்.

நகல் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரத்தில் அரசாங்கத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. 709 சிஸ்டங்கள் நின்றன. அரசாங்க ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிடங்கில் 858 டெராபைட் போய்விட்டது, வெளியே நகல் இல்லை. அங்கே ஹேக்கரே வரவில்லை, மின்கலத்தில் தீ. ஆகவே நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும், ஒன்றாவது வலையிலிருந்து துண்டித்து இருக்க வேண்டும், அதை எடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத நகலை நான் நகல் என்று கணக்கில் எடுக்க மாட்டேன்.

இன்னொன்று, உள்ளே இருப்பவர்கள். கோவிட் கால மைசெஜாத்ரா செயலி பற்றிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, எல்லா அனுமதியும் உள்ள ‘சூப்பர் அட்மின்’ கணக்கு ஒன்றின் வழி 3 மில்லியன் தடுப்பூசி போட்டவர்களின் விவரம் பதிவிறக்கம் செய்யப்பட்டதைச் சொன்னது. 2016-இல் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரிகளே பயணிகளைச் சோதிக்கும் மைஇம்ஸ் சிஸ்டத்தை வேண்டுமென்றே முடக்கிய விவகாரம் வெளிவந்து பலர் வேலை இழந்தார்கள். யார், எப்போது, யாருடைய விவரத்தைத் திறந்தார் என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். பழைய செயலிகள் பலவற்றில் அந்தப் பதிவே கிடையாது. மாற்றச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2024-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, 2024 ஆகஸ்ட் 26-இல் அமலுக்கு வந்தது. நாட்டின் முக்கியமான 11 துறைகளை அது குறிப்பிடுகிறது, அரசாங்கமும் அதில் ஒன்று. அந்தத் துறைகளின் முக்கிய சிஸ்டங்களை நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆபத்து மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். தாக்குதல் என்றால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் நக்சா என்ற தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்குப் போக வேண்டும், 14 நாளுக்குள் கூடுதல் விவரம்.

நல்ல சட்டம். ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்கள் மீது அதன் கீழ் குற்றவழக்குத் தொடர முடியாது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. 2025 ஜூன் 1 முதல் ஒரு தனியார் நிறுவனத்தில் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குச் சொல்ல வேண்டும், பெரிய பாதிப்பு வரும் என்றால் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். அதாவது ஒரு செம்பனைக் கம்பெனி தன் தொழிலாளியின் விவரத்தைக் கசியவிட்டால் அந்தத் தொழிலாளிக்குச் சொல்லும் கடமை உண்டு. அதே விவரம் ஓர் அரசாங்க இலாகாவிலிருந்து கசிந்தால், இந்தச் சட்டப்படி அவருக்குச் சொல்லும் கடமை இல்லை. அக்கா, மனுவில் கேட்க வேண்டியதில் இதை முதலில் வையுங்கள். புதிய சர்வர் வாங்குவது வரவு செலவைப் பொறுத்தது, காத்திருக்கலாம். தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பதற்குக் காசு தேவையில்லை.

எல்பில் பக்கத்து மகள்

கசிந்த விவரம் என்ன செய்யும் என்று எங்கள் வீட்டில் பார்த்தோம். அம்மாவுக்கு ஒரு போன். பேசியவன் அம்மாவின் முழுப் பெயர், அடையாள எண், பழைய வீட்டு முகவரி எல்லாம் சொன்னான். வரி பாக்கி இருக்கிறது, கைது வாரண்ட் வரும் என்றான். எல்லா விவரமும் சரியாக இருந்ததால் அம்மா நம்பிவிட்டார். பணம் அனுப்பும் முன் தம்பி வந்துவிட்டான், அதனால் தப்பித்தோம். அந்த விவரம் எங்கிருந்து போனது என்று எங்களால் சொல்ல முடியாது. 2017-இல் 46.2 மில்லியன் கைபேசி எண்கள் பெயர் முகவரியோடு வெளியே போன செய்தி வந்ததே, அதிலிருந்தும் இருக்கலாம், வேறு எங்கிருந்தும் இருக்கலாம்.

அடையாள எண்ணைச் சொன்னால் அவர்தான் என்று நம்புகிற வழக்கத்தை எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும். கேட்கிற கடை, கிளினிக், கார்ட் போஸ்ட் எல்லாவற்றிலும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அது எப்படி இரகசியம் ஆகும்? இப்படிப் போன் வந்து பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

செம்பனை மகன், கோலக்கங்சார்

தங்கச்சி சொன்னதற்கு மைடிஜிட்டல் ஐடி ஒரு வழி என்கிறார்கள். அடையாள எண்ணைச் சொல்லாமல், பதிவு இலாகாவின் தரவோடு ஒப்பிட்டு ஆளை உறுதி செய்யும், தானே தனியாக விவரத்தைச் சேர்த்து வைக்காது என்று அரசாங்கம் சொல்கிறது. யோசனை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அதற்கு நல்ல கைபேசி வேண்டும். எங்கள் லயத்தில் பாதிப் பாட்டிகளிடம் பேரன் போன்தான் இருக்கிறது. பேரன் போனில் பாட்டியின் அடையாளத்தை வைத்தால் அது யாருடைய அடையாளம்? கவுண்டரை மூட மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள், அக்கா.

மேசை அக்கா, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. மனுவை இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் இருக்கும் அரசாங்கக் கவுண்டர்களில் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணினிகள் உண்டா, உண்டு என்றால் எப்போது மாற்றுவார்கள் என்று முதலில் கேட்கிறோம். இலாகாக்களிடமிருந்து விவரம் கசிந்தாலும் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும்படி நாடாளுமன்ற உறுப்பினர் சட்டத் திருத்தம் கேட்க வேண்டும் என்கிறோம். தகவலைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும்போது பெயரோ எண்ணோ ஒத்துப் போகாத பதிவுகளை நிராகரிக்காமல் தனியாக எடுத்து வைத்து, அந்தந்த ஆளைக் கூப்பிட்டு, மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அது முடியும்வரை பழைய பதிவேடுகளை அழிக்கக் கூடாது. ரேகை எடுக்காதவர்களுக்கு மாற்று வழி, சிஸ்டம் நின்றால் கையால் எழுதிப் பெற்றுக்கொள்ளும் பாரம், கவுண்டர் தொடர்ந்து இருக்கும் என்ற உறுதி. நகலை எப்போது கடைசியாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள் என்றும் ஒரு கேள்வி.

சர்வர் தம்பி, ஈப்போ

நகல் கேள்விக்குத் தேதி சொல்வார்களா தெரியாது, பாதுகாப்புக் காரணம் என்பார்கள். “கடந்த 12 மாதத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா” என்று ஆம், இல்லை பதிலாகக் கேளுங்கள். மறுக்கக் காரணம் இருக்காது. உங்கள் மேசையில் மக்கள் கொடுக்கும் அடையாளக் கார்டு நகல்களையும் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படங்களை அழித்துவிடுங்கள்.

முன்னாள் கிராணி

அம்மா, மனு போகட்டும். அதற்குப் பதில் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு அறிக்கை மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். நான் மேசைக்கு வந்து உட்காருகிறேன். எழுத்து ஒத்துப் போகாதவர்களைப் பிரித்து, இப்போதே திருத்த விண்ணப்பம் எழுதிவிடலாம். பழைய செக்ரோல் கையெழுத்து எனக்குப் படிக்க வரும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

மனுவை மலாயில் நான் எழுதித் தருகிறேன், அக்கா. வெள்ளிக்கிழமை இரவுக்குள் வரைவை அனுப்பிவிடுங்கள். ஐயாவோடு உட்கார ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் சிலரையும் கேட்டு வைக்கிறேன். அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளை அழைத்து வருவதும் சுலபமாக இருக்கும்.